நூற்றுப் பதினெட்டாம் நம்பர் பெண்

நூற்றுப் பதினேழாம் நம்பர் சிலை இருந்தது. நூற்றுப் பத்தொன்பதும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

படக்காரர் பதிவேட்டை மூன்றாவது முறையாகப் பார்த்தார். "118. நிற்கும் பெண். சாம்பல் நிறக் கல். உயரம் ஐந்தரை அடி. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. முகத்தில் லேசான கோபம்" என்று போட்டிருந்தது. வாளியை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது பெண்ணாகத் தெரியவில்லை.

அந்த அருங்காட்சியகத்தில் எல்லாரும் அவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒப்பந்த ஆளுக்குப் பெயர் எதற்கு? நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை அங்கே எல்லாச் சிலைகளையும் புதிதாகப் படமெடுப்பார்கள். விரிசல் விழுந்திருக்கிறதா, மூக்கு தேய்ந்திருக்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சிலைகள். அத்தனையையும் ஒப்பந்தக் காலத்துக்குள் எடுத்து முடித்தால் எடுத்தவருக்கு நிரந்தர வேலை. ஒன்று குறைந்தாலும் ஒப்பந்தம் முடிந்த தேதியில் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஒன்பதாவது ஷரத்து அப்படித்தான் சொன்னது. படக்காரருக்கு அந்த ஷரத்து மனப்பாடம்.

நிரந்தர வேலை அவருக்கு அந்தஸ்துக்காகத் தேவைப்படவில்லை. மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பொது மருத்துவமனையில் மூன்று இயந்திரங்கள் இருந்தன. எந்த வாரமும் ஒன்றுக்கு மேல் ஓடியதில்லை. விடியும்போதே போய் வரிசையில் உட்கார்ந்து, மத்தியானம் 'இன்னிக்கு இல்ல, போயிட்டு வாங்க' என்று கேட்டுவிட்டு, வீங்கின காலோடு திரும்பி வருவாள். நிரந்தர ஊழியரின் மனைவி என்றால் ஊழியர் மருத்துவமனையில் தேதி தவறாமல் படுக்கை உண்டு. அவளுடைய உயிர் இப்போது அந்த வாளி இருந்த இடத்தில் நிற்கவேண்டிய கல்லை நம்பி இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் பதின்மூன்று நாள்.

படக்காரர் சிலைக் கிடங்கு முழுக்கத் தேடினார். பெட்டிகளை நகர்த்தினார், சாக்கைத் தூக்கினார், ஏணி போட்டுப் பரணில் பார்த்தார். தலையில்லாத அரசர்கள், கையில்லாத மல்லர்கள், இடுப்புக்கு மேல் ஒன்றுமே இல்லாத ஒரு நடனக்காரி என்று எல்லாரும் இருந்தார்கள். கிடங்கில் மொத்தம் பதினேழு மூக்குகள்தான் முழுசாக இருந்தன என்பதுவரைக்கும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நூற்றுப் பதினெட்டை மட்டும் காணோம். பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால், அதிலும் அந்தப் பக்கம் காலி.

கிடங்கைப் பெருக்கும் அம்மாள், அவர் குனிந்த இடத்திலெல்லாம் கொஞ்சம் நகரச் சொல்லிப் பெருக்கிக்கொண்டே போனார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று படக்காரருக்குத் தோன்றியது. பெருக்குகிறவருக்குச் சிலையைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார். மெத்தப் படித்த ஆள் பாருங்கள்.

கடைசியில் காப்பாட்சியரிடம் போனார். காப்பாட்சியர் மெதுவாகப் பேசுகிறவர். அவர் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்குக் கேட்பவருக்குப் பயம் கூடும்.

"நூத்திப் பதினெட்டு எங்க சார் இருக்கும்?" என்று படக்காரர் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"பதிவேட்டுல இருக்குல்ல? அப்போ கிடங்குல இருக்கும்."

"கண்ணுல படல சார்."

காப்பாட்சியர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். 'காணவில்லை' படிவம். பக்கத்தில் பேனாவையும் மூடி கழற்றி வைத்தார். "அப்போ எழுதிக் கொடுத்துடுங்க. யாரும் உங்களை ஒண்ணும் கேட்கமாட்டாங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தால் இருநூற்றுப் பதினொன்றுதான். வேலை போச்சு, மருத்துவமனை போச்சு. அதோடு, எட்டு மாதமாகக் கிடங்குச் சாவியை வைத்திருந்தவன் யார் என்று நாளைக்கு யாராவது கேட்டால்? "இன்னொரு தடவை பார்த்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். காப்பாட்சியர் பேனாவை மூடவில்லை.

படக்காரருக்கு வீட்டில் வேறொரு பிழைப்பு இருந்தது. பிழைப்பு என்று சொல்லக்கூடாது, பைத்தியம். பொம்மைகளைப் படமெடுப்பார். குழந்தைகள் வைத்து விளையாடுகிற பொம்மை இல்லை; வளர்ந்த ஆட்கள் தேடித் தேடி வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைக்கிற ரகம். ஆறு அங்குல வீரர்கள், வில்லன்கள், விண்வெளிக்காரர்கள். அவர் எடுத்த படத்தில் அந்த ஆறு அங்குல ஆள், மழையில் பஸ் கிடைக்காமல் நிற்கும் மனுஷன் மாதிரி இருப்பான். பகலில் சிலையை, விடுமுறையில் பொம்மையை என்று, அசையாததை எல்லாம் இப்போதுதான் அசையப் போகிறது என்று நம்ப வைப்பதிலேயே அவருடைய ஆயுசு போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். நடு வரிசையில் ஒரு போர்ப் பெண் இருந்தாள். கல்யாணமான வருடம் மனைவி வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வந்தன; அவளைத்தான் அவர் வாரம் தவறாமல் தூசு தட்டுவார். அவளுக்கு முகத்தில் லேசான கோபம்.

மனைவி கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டாள். "ஏங்க, அவளை எதுக்கு அப்படி முறைக்கிறீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு எழுந்து வந்து பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"எந்தக் கை இல்லைன்னு சொன்னீங்க?"

"இடது கை."

அவளுக்கும் இடது கையில்தான் ஊசி ஏற்றுவார்கள். முழங்கைக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்து முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். "நல்லவேளை, அவளுக்காவது போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, பொம்மையை ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படக்காரர் சின்ன ரம்பத்தால் அறுத்தார். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிளாஸ்டிக் தூள் பட்டுவிட்டது என்றார்.

துப்பாக்கியைப் பிடுங்கினார். மூட்டு இடுக்குகளை மெழுகால் அடைத்தார். சாம்பல் வண்ணம் அடித்து, அது காயுமுன் கிடங்குத் தூசியைத் தூவினார். தூசி அசல். முதல் நாள் பெருக்கும் அம்மாளிடம், முறத்தில் இருப்பதில் ஒரு பொட்டலம் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருந்தார். அம்மாள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கிடங்குச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக அச்சடித்துப் பின்னால் நிறுத்தினார். பொம்மைப் படத்தைக் காட்டிக்கொடுப்பது பின்னணியின் மங்கல்தான். கேமராவின் கண்ணை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, முன்னும் பின்னும் பளிச்சென்று விழ வைத்தார். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுத்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். ஐந்தரை அடிக் கல் பெண், ஆயிரம் வருடமாக யாரையோ மன்னிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க எடுத்ததுலயே இதுதாங்க நல்ல படம்" என்றாள். அதுவும் உண்மைதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

திங்கட்கிழமை காப்பாட்சியர் அந்தப் படத்தைக் கையில் வாங்கினார். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"மூலைல சார். பெட்டிக்குப் பின்னாடி."

"நின்னுட்டு இருந்துச்சா?"

"நின்னுட்டுதான் சார் இருந்துச்சு."

காப்பாட்சியர் ஆணியில் தொங்கிய கிடங்கின் மாற்றுச் சாவியை எடுத்தார். ஆனால் காப்பாட்சியர் என்ன நினைத்தாரோ, சாவியைத் திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டார். "அளவு எல்லாம் எழுதிக் கொண்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

படக்காரர் வீட்டுக்குப் போய் ஸ்கேலை வைத்துப் பொம்மையை அளந்து, எல்லாவற்றையும் பதினொன்றால் பெருக்கினார். உயரம் சரியாக ஐந்தரை அடி வந்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்ற அளவுகளைத் திரும்பப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காப்பாட்சியர் படித்துப் பார்த்தார். "குதிகால் உயரம் ரெண்டே முக்கால் அங்குலம்னு போட்டிருக்கீங்க. அந்தக் காலத்துல குதிகால் வச்ச செருப்பா?"

"பெரிய வீட்டுப் பொண்ணு போல சார்."

"இடுப்பு பதினாறரை அங்குலமா?"

"பஞ்ச காலம் சார்."

காப்பாட்சியர் தாளை மடித்து வைத்தார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல்லிவிடலாம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். படக்காரர் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. புதன்கிழமை காப்பாட்சியர் ஒரு பேராசிரியரை வரவழைத்தார். சிலைகளைப் பற்றி ஆறு புத்தகம் எழுதியவர். அவர் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்து, உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி பார்த்தார். இந்தத் தொகுப்பிலேயே இதற்கு ஈடாக இன்னொன்று இல்லை என்றார். அடக்கப்பட்ட சினம் என்றார். செருப்பையும் இடுப்பையும் வைத்தே நான்கு பக்கம் எழுதினார். அது எந்த நூற்றாண்டு, எந்த ஊர்ச் சிற்பி என்றெல்லாம் கண்டுபிடித்துவிட்டார். சிலையை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

காப்பாட்சியர் படக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "காட்டலாமா?"

கால் பக்கம் விரிசல் இருக்கிறது, பெட்டியை அசைத்தால் சாய்ந்துவிடும் என்று படக்காரர் அடித்துவிட்டார். பேராசிரியர் பதறிப்போனார். விரிசலையாவது படமெடுத்துக் காட்டுங்கள் என்றார்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் ரம்பம் வெளியே வந்தது. இந்தத் தடவை மனைவியால் எழுந்து வந்து பிடிக்க முடியவில்லை. அந்த வாரம் இரண்டு முறையும் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முகம் ஊதி, பேசினால் மூச்சு வாங்கியது. படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரிசல்னு சொன்னீங்க. காலே தனியா வந்துடுச்சே."

"ரம்பம் வழுக்கிடுச்சு."

"அவகிட்ட இனிமே வெட்டறதுக்கு என்னங்க இருக்கு?"

படக்காரர் காலை ஒட்டி நிறுத்திப் படமெடுத்தார். ஒட்டின இடம் நிஜமாகவே பயங்கரமான விரிசல் மாதிரி விழுந்தது. கையில் திறமை இருப்பதும் சில சமயம் தரித்திரம்தான். படத்தைப் பார்த்த பேராசிரியர் அன்றைக்கே நான்கு இடத்துக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு அபூர்வமான சிலையை விழ விடுவதா, உடனே கிடங்கிலிருந்து எடுத்துப் பழுது பார்த்து முன்கூடத்தில் வைக்க வேண்டும் என்று.

புதன்கிழமை காலை காப்பாட்சியர் கூப்பிட்டனுப்பினார். ஒப்பந்தத்தின் கடைசி நாள். அறை வாசலில் நான்கு தடியான ஆட்கள் கயிறும் கம்பளமுமாக நின்றிருந்தார்கள்.

மேஜைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நிரந்தர வேலை ஆணை. இருநூற்றுப் பன்னிரண்டு படமும் சேர்ந்துவிட்டதால் தானாக வந்திருந்தது. காப்பாட்சியர் அன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இன்னொன்று அதே 'காணவில்லை' படிவம்.

"ஆள் வந்தாச்சு. சிலையைக் காட்டுங்க, தூக்கிடலாம்" என்று காப்பாட்சியர் சாவியை நீட்டினார்.

படக்காரர் சாவியை வாங்கவில்லை. சொல்ல ஒரு பொய் தேடினார். பத்து நாளாக வரிசையில் வந்து நின்ற பொய் ஒன்றைக்கூட அப்போது காணோம்.

"இங்க பாருங்க" என்றார் காப்பாட்சியர், முன்னெப்போதையும்விட மெதுவாக. "எனக்கும் குடும்பம் இருக்கு. உங்க வீட்டு நிலைமையும் தெரியும். அந்த ஆளுங்க கிடங்குக்குள்ள போய்ச் சிலை இல்லைன்னு தெரிஞ்சா, போலீஸ் வரும். போலீஸ் முதல்ல சாவி வச்சிருந்தவரைத்தான் கூட்டிட்டுப் போகும். அப்புறம் உங்க வீட்டுக்காரம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போறது? இப்பவே உள்ளதைச் சொல்லி எழுதிக் கொடுத்தா, விஷயம் இந்த ரூமைத் தாண்டாது. நான் பார்த்துக்கறேன்."

படக்காரர் உடைந்துபோனார். ஐம்பத்திரண்டு வயது ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதார். சட்டைப் பையிலிருந்து பொம்மையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதனால் நிற்க முடியவில்லை; படுக்க வைத்தார். கை, கால், ரம்பம், மெழுகு, தூசி, பதினொன்றால் பெருக்கியது என்று ஒன்று விடாமல் சொன்னார். மன்னிச்சுடுங்க சார் என்றார்.

காப்பாட்சியர் பொம்மையைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார். அவர் நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

"எழுதுங்க" என்றார்.

படக்காரர் எழுதினார். 118, நிற்கும் பெண், காணவில்லை. கையெழுத்து, தேதி. காப்பாட்சியர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக் கட்டினார். நிரந்தர வேலை ஆணையை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். பேராசிரியரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பொம்மையைத் திருப்பிக் கொடுத்து, வீட்டில் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மனுஷர் எவ்வளவு நல்லவர், போலீஸுக்குப் போகாமல் விட்டாரே என்று படக்காரர் அந்த நிலையிலும் நினைத்துக்கொண்டார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளியே அந்த நான்கு ஆட்கள் ஒரு பீரோவைக் கட்டி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பீரோ தூக்கத்தான் வந்தார்களாம். சிலை என்று யாரும் அவர்களிடம் சொல்லவே இல்லையாம். படக்காரர் மாடிப்படியோரம் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெருக்கும் அம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். ஆர்டர் வாங்கியாச்சா என்று கேட்டார். படக்காரர் நடந்ததைச் சொன்னார். சிலையைக் கண்டுபிடிக்க முடியாததால் இப்படிச் செய்துவிட்டதையும், இப்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டதையும் சொன்னார்.

அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"ஐயோ சார், ஏன் சார் சொன்னீங்க? இருபத்தாறு வருஷமா பெருக்கறேன், எனக்குத் தெரியாம அங்க ஒரு சிலை எங்க நிக்கும்? உங்களுக்கு முன்னாடி மூணு பேரு, இதே மாதிரி காணோம் காணோம்னு தேடி, எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. நீங்க படத்தைக் கொண்டாந்து வச்சதும் உள்ள உக்காந்திருக்கற அந்த ஆளு பத்து நாளா தூங்கலயாம். பரவால்ல, நம்ம சாரு இவங்களை ஜெயிச்சுட்டாருன்னு நானும் வாயை மூடிட்டு இருந்தேன்."

"யாரை ஜெயிச்சேன்?" என்றார் படக்காரர்.

"யாரையும் நிரந்தரம் பண்ணக் கூடாதுன்னு இல்லாத சிலைக்கு ஒரு நம்பரைப் போட்டு வச்சதே அவங்கதான் சார், அது இல்லைன்னு அவங்க வாயால சொல்ல முடியாம, நீங்க சொல்லணும்னுதான் இத்தனை நாளா காத்துட்டு இருந்தாங்க."